பத்து விநாடிப் பேச்சு

கிடங்கில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு வேகமான நடை. வயது நாற்பத்து நான்கு. அண்ணன் வீட்டில் தெருவைப் பார்த்த சின்ன அறை அவளுடையது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களெல்லாம் எடுத்து ஓய்ந்துவிட்டார்கள்.

கையிலிருக்கும் கருவியில் பட்டியல் வரும். அதைப் பார்த்து, ஆளுயர அலமாரிகளுக்கு நடுவே நடந்து, யாரோ எங்கிருந்தோ வாங்கிய சோப்பையும் செருப்பையும் பொம்மையையும் எடுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டராவது இருக்கும். பதினோரு வருடம் அப்படி நடந்தாள்.

ஆறாவது வருடத்தில் வந்து சேர்ந்தவர் ரேடியோ. அவருக்கும் அதே வேலைதான். ஐம்பதைத் தொட்டவர், மனைவியை இழந்தவர். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். ஆனால் ஓரிடத்தில் நின்று பேசினால் கருவி கத்தும். அதனால் இருவர் வண்டியும் எதிரெதிரே கடக்கும் பத்து விநாடிதான் கிடைக்கும்.

"என் மாமியார் ஒரு கிளி வளர்த்தாங்க, சொன்னேன்ல?" என்பார் காலையில்.

அரை மணி கழித்து, வேறொரு வரிசையில், "அது என்னைப் பார்த்தா மட்டும் 'யாருடா நீ'ன்னு கேக்கும்."

சாப்பாட்டுக்கு அப்புறம், "கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சும் கேட்டுச்சுங்க!"

அடுத்த துண்டுக்காகவே அவள் காலை எட்டிப் போட்டாள். சில நாள் தன் பட்டியலில் இல்லாத வரிசை வழியாகச் சுற்றிக்கொண்டும் போனாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

பிறகுதான் இயந்திரங்கள் வந்தன. தட்டையாக, ஆமை மாதிரி இருக்கும். அலமாரிக்கு அடியில் நுழைந்து, அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

"யாருக்கும் வேலை போகாது. கால்வலி மட்டும்தான் போகும்" என்றார் சூப்பர்வைசர். அவர் சொன்னதில் பொய் இல்லை.

மின்னலை மூன்றாம் மேசையில் நிறுத்தினார்கள். ரேடியோவுக்கு இருபத்தொன்று. மேசை வரிசைக்கு எதிரே கம்பிவேலி, அதற்குப் பின்னால் விளக்கணைத்த பெரிய கூடம். இயந்திரங்களுக்கு வெளிச்சம் எதற்கு? அலமாரி வரும், எந்தத் தட்டு என்று ஒளிப்புள்ளி காட்டும், அவள் எடுப்பாள், பெட்டியில் போடுவாள், பொத்தானை அழுத்துவாள். அடுத்தது வரும்.

"இப்போ பரவால்லையே, காலு வீங்கவே இல்ல" என்றாள் அண்ணி.

"ஆமா அண்ணி" என்றாள் அவள். வேறென்ன சொல்ல?

சாப்பாட்டு நேரம் வேறாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வேனும் வேறு. நினைத்தால் அவரை வெளியே பார்க்கலாம்தான். ஆனால் வெளியே பார்க்க ஒரு காரணம் வேண்டுமே. 'உங்க பேச்சைக் கேக்கணும்' என்று போய் நிற்க முடியுமா? எட்டு மாதம் அப்படியே ஓடியது. எப்போதாவது இருபத்தொன்றாம் மேசைக் கோடியில் ஒரு கை உயரும். அவர்தானா, யாராவது சோம்பல் முறிக்கிறார்களா என்று தெரியாது. அவளும் கையை உயர்த்துவாள்.

ஒருநாள் ரேடியோ அனுமதி வாங்கிக்கொண்டு அவள் மேசைக்கே வந்தார். ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

"கிளம்புறேங்க. பொண்ணு இருக்கற ஊர்ல ஒரு சின்ன கிடங்கு. அங்கே இன்னும் நடக்க விடுறாங்க."

"சொன்னாங்க. பேரனும் இருக்கான்ல. நல்லதுதான்."

அலமாரி வந்து நின்றது. ஒளிப்புள்ளி மினுங்கியது. அவர் தலையைச் சொறிந்தார்.

"பத்து செகண்ட்னா நல்லா வருது. அஞ்சு நிமிஷம் குடுத்தா ஒண்ணும் வர மாட்டேங்குது பாருங்க."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து வைத்துப் பொத்தானை அழுத்தினாள். இல்லாவிட்டால் சத்தம் போடும். அவர் ஒரு லேபிளின் பின்பக்கம் போன் நம்பரை எழுதி, மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் கூடத்துக்குள் போக ஓர் ஆள் கேட்டார்கள். பொருள் கீழே விழுந்தால் எடுக்க வேண்டும், இயந்திரம் மக்கர் செய்தால் சரிபார்க்க வேண்டும். முதலில் கை தூக்கியது மின்னல்தான்.

"எதுக்கும்மா? நின்ன இடத்துல சுகமா இருக்கே" என்றார் சூப்பர்வைசர்.

"நடக்கணும் சார்."

இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மேலங்கியும் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் பக்கத்திலிருக்கும் இயந்திரங்களெல்லாம் தாமாக நின்றுவிடும். அவள் போகும் வழியில் மட்டும் விளக்கெரியும். விழுந்து கிடந்த பற்பசையைப் பொறுக்குவாள், சிக்கிய சக்கரத்தை எடுத்துவிடுவாள். வழிகள் சந்திக்கும் இடம் வந்தால் அவளுக்கே தெரியாமல் நடை தளரும். எதிரே வண்டிச் சத்தம் கேட்காது. அவள் கடந்து போகட்டும் என்று பத்துப் பன்னிரண்டு இயந்திரங்கள் ஒதுங்கி நிற்கும். மரியாதை தெரிந்தவைதான், ஆனால் ஒன்றுக்கும் வாய் இல்லை.

அந்த வேலையில் அவளுக்குச் சம்பளமும் கூடியது, பேரும் கிடைத்தது. புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிவிடச் சொன்னார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றாள். ஆனாலும் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து வெளியே வந்ததும் கைப்பையிலிருந்த லேபிளை எடுத்து அந்த நம்பரைப் போட்டாள்.

"நான்தான், மின்னல். ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வரேன்."

"வாங்க, வாங்க. என்ன விஷயமா?"

வேனில் எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறவில்லை.

"ஒரு விஷயமும் இல்ல. உங்களைப் பாக்கணும்."

அவர் கேட்டார்: "பஸ் எத்தனை மணிக்குங்க?"

ஞாயிறு காலையில் அவள் செருப்பு மாட்டுவதை அண்ணி பார்த்தாள்.

"எங்க, இவ்வளவு சீக்கிரமா?"

"கூட வேலை பாத்தவரைப் பாக்கப் போறேன் அண்ணி. சாயங்காலம் வந்துடுவேன்."

அண்ணி அவள் முகத்தையே சற்றுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், தன்னுடைய நல்ல கைப்பையைக் காலி செய்து கொண்டுவந்து நீட்டினாள்.

"இதை எடுத்துட்டுப் போ. உன்னோடதுல ஜிப் போயிடுச்சு."