டீ குடித்த பாதை

செம்மண்டலத்தில் எங்கள் தோட்டத்து மழைத்தண்ணீர் சமையலறைக்குள் புகுந்துகொண்டிருந்தது. சிமெண்ட் தளம் கேட்ட அப்பாவிடம், செங்கல் இடுக்கு வழியே தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும் என்று வாதாடி, மணல்மேல் செங்கல் பாதை போடச் சம்மதம் வாங்கினேன். சிதம்பரத்திலிருந்து வந்த நெட்டைக் கொத்தனார், டீ வந்ததும் முதல் வாயைச் செங்கல்மேல்தான் ஊற்றுவார்.

“யாருக்குப் படையல்?” என்றேன்.

“மொதல்ல அது குடிக்கட்டும் தம்பி. அப்பத்தான் எனக்கு எறங்கும்.”

ஒருநாள் ஊற்றிய டீ தேங்கி நின்றது.

“கல்லு ஆடுச்சு, நான்தான் இடுக்குல களிமண்ணு அடைச்சேன்” என்று ஒப்புக்கொண்டேன்.

“ஒங்களுக்கு அக்கறை ஜாஸ்தி” என்று சிரித்தவர், குடிக்காமலே அந்த வரிசையைப் பெயர்த்து, மணல் போட்டு மறுபடி பதித்தார்.

அந்த ஐப்பசியில் சமையலறை நனையவில்லை.

பிறகு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் டீயோடு நின்றவர், குடிக்காமல் மண்தரை தேடி நடந்தார். டீ ஆறிவிடுமே என்று எனக்குத்தான் தவிப்பாக இருந்தது.