நீர்மருதுக்கு ஒரு போர்டு

காட்டுக் காவலர் என்று சொன்னால் எல்லாரும் யானை உண்டா என்றுதான் கேட்கிறார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆற்றங்கரையில் நான் காக்கும் காப்புக் காட்டில் மிருகம் என்றால் கொசுதான். மற்றபடி முழங்கால் சேறு, நீர்க்கடம்பு, தாழை, நாணல். பெரிய நீர்மருது ஒன்றே ஒன்று. கரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதன் வேர்தான். யூனிஃபார்ம் போட்டும் பேச்சு எடுபடாத சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஒரு கை பட்டை

அந்த மரத்தில் ஒருவர் கத்தியால் பட்டை உரித்துக்கொண்டிருந்தார். பெயர் தேவராஜ், இரும்பு ஆலைத் தொழிலாளி. நெஞ்சு வலிக்கு மருதம்பட்டைக் கஷாயம் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். சுற்றிலும் பட்டை போனால் மரம் செத்துவிடும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். கத்தியை மடக்கிக்கொண்டே சொன்னார்:

“வலி எனக்கு சார். மரத்துக்கு இன்னா, ஹார்ட்டா கீது?”

மேலிடத்து உதவி

ஆபீசில் கெஞ்சி ஓர் எச்சரிக்கைப் பலகை கேட்டேன். வந்ததில் இப்படி எழுதியிருந்தது: ‘இது நீர்மருது. இதன் பட்டை இதயத்துக்கு மிகவும் நல்லது. உரிப்பது குற்றம்.’ மரத்திலேயே ஆணியடித்து மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன்.

பெரியபாளையம் கோயிலுக்கு வேனில் போகிறவர்கள்கூட இறங்கி வந்தார்கள். கடைசி வரி வரைக்கும் யாரும் படிக்கவில்லை. நான் சாப்பிடப் போகும்போதெல்லாம் மரம் கொஞ்சம் இளைத்தது. ஆடி முடிவதற்குள், ஒரு கை அகலம் தவிர அடிமரம் முழுக்க அம்மணம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானை நிறையப் பட்டையோடு நின்ற ஓர் அம்மாவைப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்னது:

“இத்தினி நாளு ஏதோ ஆத்தங்கரை மரம்னு நெனச்சுக்கினு இருந்தோம். நீ போர்டு வெச்சதாலதான் தெரிஞ்சுது. நல்லா இருப்பே நைனா.”

சாணி வைத்தியம்

பலகையைக் கழற்றினேன். காற்றில் விழுந்துவிட்டது என்று ஆபீசில் சொன்னேன். காயத்தில் சேறும் சாணியும் குழைத்து அப்பிக்கொண்டிருந்தபோது தேவராஜ் வந்து நின்றார். கஷாயத்துக்கு வலி கேட்கவில்லையாம், ஆஸ்பத்திரியில் அடைத்துக்கொண்ட இதயக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்துத்தான் பிழைத்தாராம். மிச்சமிருந்த பட்டையைக் காட்டினேன். அந்த வழியாகத்தான் வேருக்குச் சாப்பாடு இறங்குகிறது, அதுவும் போனால் கதை முடிந்தது என்றேன். அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாணியில் கைவிட்டார். அப்பி முடித்ததும் அந்த ஒரு கை அகலத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“இதுக்கும் ஒரு ஸ்டென்ட் வெக்க முடியாதா சார்?”

பங்குனியில் ஒரே ஒரு கிளை துளிர்த்திருக்கிறது. ஆபீசில் நான் மூச்சுவிடவில்லை, சந்தோஷத்தில் இன்னொரு போர்டு அனுப்பிவிடுவார்கள்.