காய்க்காத பப்பாளி

என் மரத்தை வெட்டிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாயாவுக்கும் பழம்பொரிக்கும் நடுவே தீர்மானித்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. எட்டு வயதுக்காரியிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது!

கரமனை ஆற்றை ஒட்டி, ஊர்க்குப்பையெல்லாம் வந்து விழுகிற ஒரு நிலம் இருந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் அதைச் சுத்தம் செய்து பழத்தோட்டம் ஆக்கியிருந்தார்கள். ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒருவராவது போய் வேலை செய்யவேண்டும். அப்பா சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடையில் வேலைக்கு நின்றார். ஞாயிறும் கடை உண்டு. அதனால் எங்கள் வீட்டுப் பங்குக்கு அம்மாவும் நானும் போனோம். வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் குழி எடுப்பது, ஐப்பசித் துலா மழையில் களை பறிப்பது, வெயில் ஏறும்போது மரத்தடியில் சருகு பரப்புவது என்று அம்மா எல்லாம் செய்தாள்.

எனக்கு எட்டு வயதான வருஷம் இடவப்பாதியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கன்று கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொய்யா, சாம்பக்காய், ஒட்டுமா. எனக்குப் பப்பாளி. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஓணத்துக்குள் அது என் தோளைத் தொட்டது. துலா மழையில் என்னைத் தாண்டிப் போய்ப் பூக்கவும் பூத்தது. மற்றப் பப்பாளிகளில் பூ தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். என்னுடையதில் நீளக் காம்பில் கொத்துக்கொத்தாய்த் தொங்கியது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒட்டுமா வைத்திருந்தவன் பொறாமையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

அந்த ஞாயிறு சங்கத்துச் செக்ரட்டரி சார் வந்தார். ஓய்வுபெற்றவர், மலையாளி, தமிழ்க் குடும்பமான எங்களிடம் மட்டும் மரியாதைக்குத் தமிழ் பேசுவார். ஒரு கொத்தை விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது ஆணாணு மோளே, காய்க்கில்லா. கிணத்துப் பக்கம் ஒண்ணு நிக்குது, ஒரு ஆண் போதும். இதை வெட்டிட்டு வேற கன்று வைக்கலாம்” என்றார்.

ஆண் என்று கேட்டதும் முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. காரணம் இருந்தது. அப்போது அம்மாவுக்கு ஏழாம் மாதம். எனக்கும் தங்கைக்கும் அடுத்து வரப்போவது ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்று, அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, திருநெல்வேலியிலிருந்து வந்து தங்கியிருந்தாள். விடிந்தால் கோயில், பொழுதடைந்தால் நேர்ச்சை. எனக்குத் தலை பின்னும்போது மயிரைச் சுண்டி இழுத்து, “ரெண்டும் பொட்டப்புள்ளையாப் போச்சே” என்பாள். அப்பா கேட்டும் கேளாததுபோல் செருப்பைத் தேடுவார். பப்பாளி கருவுக்கு ஆகாது என்று, அம்மா அந்த மரங்களைத் தொடக்கூடாதெனக் காவலுக்கு அத்தையும் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தாள். ஆக, உலகத்தில் ஆண் என்பது தவம் கிடந்து வாங்குகிற பொருள் என்றுதான் நான் அறிந்திருந்தேன். அதைப்போய் வெட்டுவதா?

செக்ரட்டரி சார் வெட்டுக்கத்தியை எடுத்துவரச் சொன்னார். நான் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

“எங்க வீட்ல ஆணு வேணும்னு அத்தை கோயில் கோயிலா நடக்காங்க! இங்க ஆணுன்னா வெட்டுவீங்களா? எதுதான் வேணும் உங்களுக்கு?”

தோட்டமே சிரித்தது. சாயா குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. ஒரு சேச்சி நான் சொன்னதை மலையாளத்தில் மறுபடி சொல்லிக்காட்ட, இன்னொரு முறை சிரித்தார்கள். மரம் போவதைவிட அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. நியாயம் கேட்டவளைப் பார்த்துச் சிரிப்பதற்கு இவர்கள் யார்? இன்று நினைத்தாலும் எனக்கு முகம் சூடாகிறது.

அத்தை சிரிக்கவில்லை. “வாயப் பாரு” என்று பல்லைக் கடித்தாள்.

அம்மாவும் சிரிக்கவில்லை. சருகுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சாரே, அது அங்கேயே நிக்கட்டும்.”

“காய்க்கில்லல்லோ...”

“காய்க்காட்டி என்ன? தண்ணி நாங்க ஊத்திக்கிடுதோம்.”

“ஒரு மரத்துக்கு எதுக்கு மல்லுக்கு நிக்கே?” என்று அத்தை பாய்ந்தாள். அதுவரை அத்தைக்கு எதிர்ப்பேச்சு பேசியறியாத அம்மா திரும்பினாள்.

“ஆணா பொண்ணான்னு பாத்துத்தான் ஒண்ண வாழவிடணுமா மதினி?”

செக்ரட்டரி சார் கத்தியை வேலியோரம் சாய்த்துவிட்டு, பழம்பொரி ஆறுகிறது என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார்.

மரம் பிழைத்தது. இரண்டு வருஷம் ஒரு காயும் இல்லாமல் பூத்துத் தள்ளியது. அந்த ஞாயிறு கழிந்து வந்த தை மாதம், மகரத்தில், எனக்கு இன்னொரு தங்கை பிறந்தாள். அத்தை பிள்ளையைக் கையில் வாங்காமலே அன்றைய வண்டிக்குக் கிளம்பினாள். அப்பா தம்பானூர் ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டும் வந்தார். அவர்கள் இருவர்மேலும் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வீடு திரும்பும்போது அத்தை முன்னால் விறுவிறுவென்று போய்விட்டாள். ஆற்றுப் படித்துறை வந்ததும் அம்மா உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய், “அழாதம்மா, அதான் வெட்டலயே” என்றேன். அவள் என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

என் மரத்தின்மேல் அவளுக்கு இத்தனை பாசமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.