கரிப்பொட்டு மேலே

ஸ்கந்தபுரத்தில் கோழி அடைக்குக் கிடந்தால் யாரும் தாங்களாக முட்டை வைக்க மாட்டார்கள், நாகேஸ்வரியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கைராசி அப்படி. பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடிச்சத்தத்தில் அவை கூழாகிவிடாமல் ஓர் இரும்பாணியையும் செருகிவிட்டுத்தான் கோழியைத் தூக்கி வைப்பாள். அடைக்கோழி கிடைக்காத நாளில் உமிப்பானையில் சூடு காட்டிப் பொரிக்க வைப்பாள். அப்போது கோழி செய்கிற வேலையைக் கை செய்யவேண்டும். முட்டைகளைப் புரட்டிவிட வேண்டும். எதைப் புரட்டினோம் என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு கரிப்பொட்டு. காலையில் பொட்டு மேலே, பின்னேரம் பொட்டு கீழே. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது அவள் கொண்டுவந்த பெரிய சொத்து இந்தக் கைப்பழக்கம்தான்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. பொருளாதாரத் தடைக்காலத்தில் யூரியாகூடக் காணாத வன்னிக்கு லொறி லொறியாகப் பயிர்மருந்து வந்தது. அவள் புருஷன் இளையதம்பியும் ஆசைதீர அடித்தான். அவனை மட்டும் குறை சொல்ல முடியாது, ஊரே அடித்தது. வயலில் வழிந்ததும், மருந்துத் தாங்கி கழுவியதும் வாய்க்காலோடு கீழ்க்குளத்துக்குப் போயின. முதலில் மீன் மிதந்தது. பிறகு பாலாமைகள் மிதந்தன. சேற்றில் கிடக்கிற சின்ன ஆமைகள் அவை. ஒரு காலத்தில் வலை போட்டால் மீனுக்கு முன்னால் அதுகள்தான் ஏறும்.

ஒருநாள் குளக்கட்டில் விறகு பொறுக்கப் போன நாகேஸ்வரி, முட்டையிட்ட குழியின் விளிம்பிலேயே செத்துக் கிடந்த தாயாமையைக் கண்டாள். குழியை மூடக்கூட அதற்கு உயிர் இருக்கவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று உருண்டை முட்டைகள். தாயில்லாத முட்டையைக் கண்டுவிட்டுச் சும்மா வருகிற ஆளா அவள்? சேலைத் தலைப்பில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆமை வீட்டுக்கு ஆகாது என்று ஊர் முழுக்க நம்பிக்கை. "ஆமையில்லை, முட்டைதானே" என்று வாயடித்தாள். பழைய சட்டியில் மணலை நிரப்பிப் புதைத்தாள். கரிப்பொட்டு வைத்தாள். காலையும் மாலையும் தவறாமல் தோண்டிப் புரட்டினாள். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. மருந்துதான் கொன்றது என்று நினைத்து, அடுத்த முறை குளக்கட்டில் எடுத்துவந்ததை இன்னும் கவனமாகப் புரட்டினாள். அதுவும் கூமுட்டையாயிற்று. ஊரே கைராசி என்று கொண்டாடிய கை இப்படி ஏமாற்றியதில் அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மூன்றாம் முறை வைத்த கையோடு காய்ச்சலில் படுத்தாள். எழும்பியபோது உடம்பில் தெம்பில்லை. இனி என்ன என்று சட்டியை மறந்தே போனாள். மாதங்கள் கழித்து, முதல் மாரிமழை நனைத்த சட்டியில் மணல் அசைந்தது. பாக்களவு குஞ்சுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தன! மணலை விலக்கி, கிடந்தபடியே கிடந்த முட்டைக்கோது ஒன்றைப் பார்த்தாள். கரிப்பொட்டு மேலேயே இருந்தது. அப்போதுதான் விளங்கிற்று. கோழிமுட்டைக்குக் கை வேண்டும். ஆமைமுட்டையைக் கை தொடாமல் விடவேண்டும். இத்தனை முட்டைகளையும் தன் அக்கறையே கொன்றது என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள்.

பிறகு ஆமையும் வீட்டுக்கு வந்தது. வந்த குஞ்சுகளைக் குளத்தில் விட்டுப் பார்த்தாள், பாதி மிதந்தன. மிச்சத்தைத் திரும்பப் பிடித்துவந்தாள். இளையதம்பி முணுமுணுத்துக்கொண்டே சீமெந்துத் தொட்டி கட்டித் தந்தான். மருந்தை மட்டும் விடவில்லை.

"இஞ்சாரும், அடிக்காட்டி அறக்கொட்டிப் பூச்சி வயலைத் திண்டுபோடும். பிறகு உம்மட ஆமையோ எங்களுக்குச் சோறு போடும்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளால் சண்டைகூடப் பிடிக்க முடியவில்லை. அதுகளுக்கு நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்ற கேள்வி மட்டும் வருஷக்கணக்கில் அவளோடு கிடந்தது. குளத்தில் பாலாமையைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை என்ற நிலையும் வந்தது.

இரண்டாயிரத்து எட்டில் தொட்டியில் வளர்ந்த ஆமையொன்று பக்கத்து மணலில் ஏறி முட்டையிட்டது. வீட்டில் பிறந்தது, வீட்டிலேயே தாயானது. நாகேஸ்வரி தொடவில்லை, மேல்மண்ணை மெல்ல விலக்கி, கிடந்தபடியே கரிப்பொட்டு வைத்துத் திரும்ப மூடினாள். பேரப்பிள்ளை கண்டவள் மாதிரி அவள் திரிந்ததைப் பார்த்து இளையதம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. மேற்கிலிருந்து ஷெல் சத்தம் நெருங்கியது. சிறுபோக நெல் விதைக்க டீசலும் இல்லை, மருந்தும் இல்லை. ஊர் மூட்டை கட்டியது.

உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றும்போது பக்கத்து வீட்டுக் கமலேஸ்வரி எரிச்சலில் கொட்டினாள். "வீட்டுக்குள்ள ஆமையை வைச்சா இப்பிடித்தான் வரும்."

"அப்ப என்ர வீட்டுக்கு மட்டுமெல்லோ வந்திருக்க வேணும், கமலேசக்கா? கிளிநொச்சி முழுக்கவோ ஆமை வளர்த்தது?"

கமலேஸ்வரி அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள்.

ஆமைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு புருஷனும் பெண்சாதியும் கீழ்க்குளத்துக்குப் போனார்கள். நாகேஸ்வரி குளக்கட்டிலேயே நின்றுவிட்டாள். தண்ணீர் தெளிந்து அடிமண் தெரிந்தது. மீன்குஞ்சுகள் கூட்டமாக ஓடின. ஒரு போகம் மருந்து அடிக்காமல் விட்டதற்கே இவ்வளவு. ஆமைகளை ஒவ்வொன்றாக விட்டாள். ஒன்றும் மிதக்கவில்லை, ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இளையதம்பி மண்வெட்டியோடு முட்டைக் குழிக்குப் போனான். "வாளியில மண்ணோட அள்ளித் தாறன். மடியில வைச்சுக்கொண்டு வாருமன்."

"தொடாதேங்கோ! உழவு மெசினில குலுங்கினா எல்லாம் போச்சு. கிடந்தபடியே கிடக்கட்டும்."

வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் முட்டைகளை விட்டுவிட்டு வந்தாள். வரும்முன் கோழிக்கடகத்திலிருந்த இரும்பாணியை எடுத்துக் குழியருகே குத்தினாள். ஷெல்லுக்கு ஆணி காவலா என்று அவன் கேட்கவில்லை.

இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தபோது மாரி கொட்டத் தொடங்கியது. நிலத்தால் ஊறிவந்த வெள்ளத்தில் காலை வைத்துக்கொண்டு நாகேஸ்வரி சொன்னாள்: "அங்கையும் பெய்யும். மண் இளகினாத்தான் குஞ்சு வெளியில வரும்."

"வந்தா?"

"குளத்துக்குப் போய்ச் சேரும். இப்ப அது நல்ல தண்ணி." ஊர் இல்லாமல் போனதால்தான் அந்தத் தண்ணீர் நல்லதாயிற்று என்பதை அவளால் தாங்க முடியவில்லை. "இஞ்சாருங்கோ, நாங்கள் திரும்பிப் போனா மருந்து அடிப்பியளோ?"

இளையதம்பி தறப்பாளில் தொங்கிய தண்ணீரைத் தடியால் தள்ளிவிட்டான்.

"திரும்பிப் போவமெண்டு சொல்லும். நான் அடிக்கமாட்டன்."

அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.