சங்குச் சத்தத்தில் ஒரு சொல்

கத்தியது நான்தான்.

எழுபதுகளின் கடைசியில், முதல் டிவிஷன் மகளிர் கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டத்தில், பொன்மலை மைதானத்தில் "விடு!" என்று கத்தியவள் நான். எங்கள் கோல்கீப்பர் ஆரோக்கியமேரிக்குக் காதில் எந்தக் கோளாறும் இல்லை. அவள் சரியாகத்தான் கேட்டாள். நான்தான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பந்து, ஒரு கோல், இதற்கா இத்தனை புலம்பல் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள்!

அந்தக் காலத்தில் பெண்கள் பந்து விளையாடுவதைப் பார்க்க வந்த ஆண்களில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர் எங்கள் முழங்காலைப் பார்த்தார்கள். நான் ஸ்ரீரங்கத்தில் பாவாடை தாவணியோடு பஸ் ஏறுவேன். பாவாடைக்குள் அரைக்கால் சட்டை இருக்கும். காவிரிப் பாலம் தாண்டும்வரை தெரிந்தவர் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று படியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் அந்த சீசன் தொடங்கும்போதே தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இதோட சரி வசந்தா. மாநில டீம்ல எடுத்து வேலை போட்டுக் குடுத்தா போ. இல்லேன்னா தையில கல்யாணம். மாப்பிள்ளை வீட்ல ஜாதகம் கேட்டு ஆளனுப்பிட்டாங்க."

மாநில அணியில் இடம் கிடைத்தவர்களுக்கு அரசாங்க வேலை கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வேலை மேலிருந்த ஆசையை விடவும் அந்த ஜாதகத்தின் மேலிருந்த பயம்தான் பெரிது. முகம் தெரியாத ஒருவரின் வீட்டில், காலில் பூட்ஸ் தழும்போடு, வாயைத் திறக்காமல் நடமாடும் என்னை நானே கற்பனை செய்து பார்ப்பேன். தூக்கம் வராது. சீசன் முழுவதும் நான் பந்தை மட்டுமா பார்த்தேன்? தேர்வாளர்கள் உட்காரும் நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைப் பார்க்கிறார்களா... இப்போதாவது பார்த்தார்களா...

நான் பேக். கீப்பருக்கு முன்னால் நின்று தடுப்பவள். கோல் போட்டால் கைதட்டுவார்கள். பாய்ந்து பிடித்தால் கைதட்டுவார்கள். நடுவில் நிற்பவளை எவர் கவனிக்கிறார்கள்?

ஆரோக்கியமேரியை எல்லோரும் கவனித்தார்கள். பொன்மலைக்காரி. ஆனால் எங்கள் நகர அணிக்குத்தான் ஆடினாள். அவளுடைய அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் சைக்கிளில் வந்து, மகளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். அவர் அங்கே நிற்கிறார் என்ற தெம்பிலேயே அவள் பாய்வது போலிருக்கும். அந்த சீசனில் நாங்கள் தோற்காமல் வந்ததே அவள் கையால்தான். பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஆமாம். இருந்தது.

எங்கள் மாஸ்டர், அதாவது பயிற்சியாளர், ஒரு சட்டம் வைத்திருந்தார். இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடினால் ஒருத்தி "விடு!" என்று கத்த வேண்டும். "விடுன்னு சொன்னவதான் அடிக்கணும். மத்தவ தொடவே கூடாது. சொல்லிட்டா அந்தப் பந்து உன் பொறுப்பு" என்பார். மற்றவர்கள் மறந்தாலும் ஆரோக்கியம் மறக்க மாட்டாள். யார் குரல் கேட்டாலும் சட்டென்று கையை இழுத்துக்கொள்வாள். அவ்வளவு நம்பிக்கை!

கடைசி ஆட்டம் பொன்மலை அணியோடு. அவள் தெருப் பெண்கள்தான் எதிரில். டிரா ஆனாலே கோப்பை எங்களுக்கு. ஷாமியானாவின் நிழலில் தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்று நன்றாகவே ஆடினேன். ஆனால் அவர்கள் பார்த்தார்களா என்று தெரியவில்லையே! ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. எனக்குக் கோப்பை நினைவில் இல்லை. தை மாதம்தான் நினைவில் இருந்தது.

அப்போது ஒரு உயரப் பந்து வந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் குத்தி எழும்பியது. ஆரோக்கியம் இரண்டு கையையும் விரித்து முன்னால் வந்துவிட்டாள். அது அவளுடைய பந்து. சந்தேகமே இல்லை. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஷாமியானாவுக்கு நேர் எதிரே, கடைசி நிமிடத்தில், ஓங்கி ஒரு உதை... அதை அவர்கள் பார்க்காமல் இருக்க முடியாதல்லவா?

"விடு!"

நான் கத்தவும், ஷிப்ட் முடிந்து ரயில்வே பட்டறைச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். நான் காலை வீசினேன். பந்து ஒரு புல் திட்டில் பட்டுத் திரும்பி, என் பூட்ஸை உரசக்கூடச் செய்யாமல், எங்கள் இருவரையும் தாண்டிப் போனது. வேகமாகக்கூடப் போகவில்லை. உருண்டு, உருண்டு, உள்ளே போயிற்று.

சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் ஓடி வந்தார்.

"கைக்கு வந்த பந்த ஏம்மா விட்ட?"

"வசந்தா விடுன்னா, மாஸ்டர்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியா?"

தேர்வாளர்கள் எழுந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீசன் முழுவதும் எந்தப் பார்வைக்காக ஏங்கினேனோ அந்தப் பார்வை!

"இல்ல மாஸ்டர். நான் எதுவும் சொல்லல."

"சங்கு ஊதுறப்ப உனக்கு என்னத்தக் கேட்டுச்சு?" என்று அணியில் ஒருத்தி அவளிடம் எரிந்து விழுந்தாள். மற்றவர்களுக்குச் சங்கு மட்டும்தான் கேட்டிருந்தது. ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் குழப்பமாகப் பார்த்தாள். கம்பத்துக்குப் பின்னால் அவளுடைய அப்பா செருப்போடு நின்றிருந்தார். அவருக்குக் கேட்டிருக்குமா? இந்தக் கேள்வி என்னை எத்தனை வருடம் அரித்தது தெரியுமா! கேட்டிருந்தாலும் என்ன? பொன்மலைக்காரர் சொன்னால் யார் நம்புவார்கள்?

மறு வாரமே பேச்சு கிளம்பிவிட்டது. "சொந்த ஊருக்காக விட்டுட்டா." பஸ்ஸில் சொன்னார்கள், பயிற்சியில் சொன்னார்கள், என் காதுபடவே சொன்னார்கள். நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

மாநில அணியில் என் பெயர் வந்தது. அவள் பெயர் வரவில்லை. எனக்கு வேலை வந்தது. ஜாதகம் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அவள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அப்பாவும் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை என்று சொன்னார்கள். சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்தான்! ஒவ்வொரு மாதமும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், சத்திரம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். காய்கறிப் பையோடு பொன்மலை பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அதற்குள் அவளே கையைப் பிடித்துவிட்டாள். எவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்! அப்பா இறந்துபோனதைச் சொன்னாள். பிறகு, பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வசந்தா, ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு எனக்குத்தான் காது தப்பாக் கேட்டிருக்கு. அப்பாகூட, சங்கு சத்தத்துல அப்பிடித் தோணும்மான்னு சொன்னாரு. நீ கத்தியிருந்தா சொல்லியிருப்ப இல்ல? அனாவசியமா உன் மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சுக்காத. மன்னிச்சிரு."

நான்... மன்னிப்பதாம்!

உண்மை நாக்கின் நுனியில் நின்றது. இதோ, சொல்லப் போகிறேன் என்று நிமிர்ந்தேன். பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில், அத்தனை இரைச்சலுக்கும் மேலாக, வாயில் வந்ததைக் கத்தினேன்.

"விடு, ஆரோக்கியம்!"

படியில் ஒரு கால் வைத்திருந்தவள் அப்படியே நின்றாள். பையைப் பிடித்திருந்த கை சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டது. திரும்பி என்னைப் பார்த்தாள். மைதானத்தில் பார்த்த அந்தக் குழப்பம் இப்போது அவள் முகத்தில் இல்லை.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பின்னால் நின்றவர்கள் அவளை உள்ளே தள்ளினார்கள். பஸ் போய்விட்டது.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா... தெரியவில்லை. பொன்மலை பஸ் எது வந்தாலும் நான் இன்னும் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.