மெஷின் வைத்த சட்டை

என் மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம். சம்பா நடவு நேரம். அவள் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு காலேஜ் பெண் வந்தாள். எழுத்துப் படிக்கும் முன்னால் பிள்ளைகள் வீட்டில் என்ன பேச்சுக் கேட்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். நிறையப் பேச்சுக் கேட்ட பிள்ளைக்குப் படிப்பு சுலபமாக வரும் என்றாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். தலையாட்டினேன்.

ஒரு சின்னச் சட்டை கொடுத்தாள். அதன் பையில் பேச்சைப் பதிவு செய்கிற மெஷின், தீப்பெட்டி அளவு.

"காலையிலேருந்து பாப்பா தூங்குற வரைக்கும் போட்டிருக்கட்டும்க்கா. எப்பவும் போல இருங்க."

எப்பவும் போல எப்படி இருப்பது? தெருவில் கல்யாண வீடியோ எடுத்தால்கூட மைக் பக்கம் நாங்கள் மூச்சு விட மாட்டோம். பதிவு என்றால் சத்தம் கூடாது. அதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று வேலைக்குப் போகவில்லை. டிவியை நிறுத்தினேன். வாசலில் குரல் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். மகள் வாயைத் திறந்தபோதெல்லாம் என் உதட்டில் விரல் வைத்தேன். அவள் விளையாட்டென்று நினைத்துச் சைகையிலேயே சோறு கேட்டாள். வயலுக்குப் போகாமலேயே சாயங்காலம் வயலுக்குப் போன களைப்பு.

அடுத்த வாரம் அந்தப் பெண் பால்வாடி டீச்சரோடு வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. வீட்ல பாப்பாகிட்ட யாரும் பேச மாட்டீங்களா? பாப்பாவும் பேசலையே."

டீச்சர் சொன்னாள்: "வெளியாள் வந்தா பால்வாடியிலயும் வாயத் தொறக்க மாட்டா. தஞ்சாவூர் டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டிடலாமா? பேச்சு வராத பிள்ளைன்னு பேராயிட்டா ஒண்ணாவதுல ஒதுக்கி உக்கார வெச்சிடுவாங்க."

நான் குறுக்கே புகுந்தேன்.

"நாந்தாம்மா பேசாதேன்னேன். மெஷின் ஓடுதேன்னு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நாளைக்கு ஒரு நாள் மறுபடி போடலாம்க்கா. அப்புறம் சட்டை வேற ஊருக்குப் போயிடும்."

நாளைக்கு நடவு. இன்னொரு நாள் கூலியை விட முடியாது. சட்டையைப் போட்டு மகளை வயலுக்குக் கூட்டிப்போய் வரப்பில் உட்கார வைத்தேன்.

"இன்னிக்கு நல்லாப் பேசுங்க எல்லாரும்" என்று விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவுதான். நடவு வரிசையே ஊமையாகிவிட்டது.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் நிமிர்ந்தாள். "ஏண்டி, எங்க மாமியாரப் பத்திப் பேசினா காலேஜ்ல போட்டுக் காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க."

"அப்ப நல்லாக் கேக்கட்டும்" என்று ஆரம்பித்தாள். பிறகு யாரும் நிறுத்தவில்லை.

மகள் வரப்பிலிருந்து கேட்டாள், "பெரியம்மா, நாத்தப் பிடுங்கினா அதுக்கு வலிக்காதா?"

"வலிக்கும்டி. உங்கம்மா இடுப்பு அளவுக்கு வலிக்காது."

மகள் விடவில்லை. தண்ணீர் எங்கே போகிறது, கொக்கு யார் வீட்டுக் கொக்கு, எல்லாம் கேட்டாள். ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். பாதி பொய்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் படுத்துவிட்டேன். மகள் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்காலில் பார்த்த நண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்போது தூங்கினேன், தெரியாது.

மறுநாள் சட்டையை வாங்கிப்போன காலேஜ் பெண் சில நாளில் மறுபடி வந்தாள்.

"பாப்பா நல்லாப் பேசறாக்கா. எங்கயும் காட்ட வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

சுவரில் சாய்ந்தேன்.

"நண்டுக் கதைக்கு நீங்க வெறும் 'ம்'தான் சொல்லியிருக்கீங்க. அப்புறம் அதுவும் இல்ல."

"தூங்கிட்டேன்மா."

"தெரியுதுக்கா. குறட்டை கேட்டுச்சு."

"அந்த 'ம்' கணக்குல வருமா?"

"வரும். அதக் கேட்டுத்தானே பாப்பா மேல மேல சொல்லியிருக்கா."

அன்றும் நடவுக்குப் போய் வந்திருந்தேன். அவள் போனதும் பாயை விரித்தேன். மகள் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை தவளைக் கதை.

"ம்" என்றேன். கண் மூடிக்கொண்டு வந்தது. "அப்புறம்?" என்றும் கேட்டேன்.