உதடு பார்த்துப் பங்கு காத்த பீயுன்

சின்சூ சந்தையில் என் அரிசி நூடுல்ஸ் கடைக்கு அடுத்த கடை பீயுனுடையது. பன்றி இறைச்சி உருண்டை சூப். கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலைக்காரர்கள் வேலைக்குப் போகிற வழியில் அவளிடம்தான் குடிப்பார்கள். இருபது வருடம் அவள் சேர்த்ததெல்லாம் அவர்களுடைய லியென்ஷின் கம்பெனிப் பங்காக இருந்தது. கடையிடத்துக்காரர் வருடக் கடைசிக்குள் இடத்தை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். பங்கை விற்றுத்தான் அவள் அதை வாங்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து காவ்ஜிங் கம்பெனிக்காரன், தன் சிப் லியென்ஷின் சிப்பைவிட ஒன்றரை மடங்கு வேகம் என்று மேடை போட்டு அறிவித்தான். மறுநாளே சந்தையில் எல்லாருடைய கைப்பேசியிலும் பச்சை எண்கள். எங்கள் ஊரில் பங்கு விழுந்தால் பச்சை.

பீயுனின் கொழுந்தன் வென்ஷோங் ஓடி வந்தான். அவனிடமும் அதே பங்குதான்.

“அண்ணி, மிச்சம் இருக்கிறதையாவது எடுத்துடுங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வித்துட்டுப் போறாங்க.”

“போகட்டும். அவங்க யாரும் என் கடையில சூப் குடிக்கிறதில்ல.”

அவள் பார்வை வேறு. சிப் செய்யும் கூடத்துக்குள் ஒரு தூசி ஆகாது. பவுடரோ உதட்டுச் சாயமோ பூசிய பெண்ணை உள்ளே விடமாட்டார்கள். வேலை குறைந்தால் அந்தப் பெண்களை அலுவலகத்தில் உட்கார வைப்பார்கள். அன்றைக்கு முகத்தில் சாயம் இருக்கும். போன தடவை வேலை மந்தமானதை அந்தப் பெண்களின் உதடுகளைப் பார்த்தே பத்து நாள் முன்னால் சொன்னாள். நானே சாட்சி.

கூடத்தில் வேலை பார்க்கும் யாலிங் உஷாரானவள்.

“அத்தை, என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. வெளிய பேச மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

“நீ வாயே திறக்க வேணாம்டி. உதட்டைக் காட்டு, போதும்.”

அடுத்த மூன்று நாளும் எல்லாப் பெண்களும் வெறும் முகத்தோடுதான் வந்தார்கள். பங்கு மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

நான்காம் நாள் யாலிங் செக்கச் சிவந்த உதட்டோடு வந்து நின்றாள். வென்ஷோங் பார்த்தான். கைப்பேசியை எடுத்து, நின்ற இடத்திலேயே தன் பங்கு முழுவதையும் விற்றான். பீயுனின் கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது.

“என்னடி இது?”

“இன்னிக்கு லீவு அத்தை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களோட சாப்பாடு. அம்மாதான் பூசி விட்டாங்க. நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. வேணும்னா என் கொழுந்தனைக் கேளு, பாத்ததுமே அவனுக்குக் கண்ணு இருட்டிடுச்சு.”

யாலிங்குக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆறு பெண்களையும் பீயுன் நிதானமாகப் பார்த்தாள். ஒருத்தி உதட்டிலும் சாயம் இல்லை. பீயுன் தன் பங்கை விற்கவில்லை.

வென்ஷோங்குக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சந்தையில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு உதட்டை நம்பினால் அப்படித்தான்.

இரண்டு மாதத்தில், காவ்ஜிங் சிப் ஓட ஓடச் சூடேறிச் சுணங்குகிறது என்று வாங்கியவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். லியென்ஷின் தன் புதுச் சிப்பை வெளியே விட்டது. அத்தனை நாளும் கூடத்தில் ஓடியது அந்த வேலைதான். பங்கு இழந்ததையெல்லாம் பிடித்து அதற்கு மேலும் ஏறியது. பீயுன் வேண்டிய அளவு விற்று இடத்தை வாங்கினாள்.

பத்திரம் கைக்கு வந்த அன்றே கொத்தனாரை அழைத்து, எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த சுவரை இடிக்கச் சொன்னாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றேன்.

“இனிமே சூப்பும் நூடுல்ஸும் ஒரே கடைதான். கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பே அக்கா.”

சொல்லித்தான் இருப்பேன்.